ஆங்கிலப் பெயருக்குப் பொருள் தேடுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஆர்தர் காட்டன் பெயரைப் பள்ளிப் பாடத்தில் முதன்முதலாகப் படித்தபோது, காட்டன் என்றால் பருத்திதானே, அவருடைய முன்னோர் யாரோ பருத்தி வியாபாரம் பார்த்திருப்பார்கள் என்று நானாகவே ஒரு கதை கட்டிக்கொண்டேன். கொள்ளிடத்தில் மேலணையும் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையும் கட்டியவர், நம் ஊர் மண்ணோடு அவ்வளவு ஒட்டியவர், அவர் பெயரைப் பற்றி நான் வைத்திருந்த நினைப்பு முழுக்கத் தவறு என்று தெரிய வெகுகாலம் ஆனது. அந்தக் காட்டன் வேறு. பழைய ஆங்கிலத்தில் 'காட்' என்றால் குடிசை, இன்றைக்குக் காட்டேஜ் என்கிறோமே, அதற்கும் அதுதான் மூலம். 'குடிசைகள் இருக்கும் இடம்' என்ற பொருளில் இங்கிலாந்தில் சில ஊர்களுக்கு அந்தப் பெயர் நிலைத்து, அங்கிருந்து வந்தவர்களுக்கு அதுவே குடும்பப் பெயரானது. துணிக்கான காட்டனோ அரபியின் 'குத்ன்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போனது. இரண்டும் எழுத்தில் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான். உறவு கிடையாது.

குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள், ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்க்கிறவர்கள், சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். பெயரைப் பார்த்ததும் இன்றைய அகராதியை எடுத்து அதன் பொருளைப் பெயர்மேல் ஒட்டிவிடுகிறோம். பெயர் என்பது அது உண்டான காலத்துப் பொருளோடு உறைந்துபோன சொல். அந்தக் காலத்துக்குப் போய்ப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். எப்படிப் போவது என்று நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில்: இது முதற்பெயரா, குடும்பப் பெயரா?

நமக்கு இனிஷியலும் பெயரும்தான், அதனால் இந்த வேறுபாடு சட்டென்று மனதில் ஏறுவதில்லை. ஆங்கிலேயரின் முதற்பெயர் பெற்றோர் விரும்பி வைப்பது, எந்த வருடத்திலும் புதிதாக ஒன்று முளைக்கலாம். குடும்பப் பெயர் அப்படியல்ல. 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபிறகு மெல்லப் பரவி, ஏறக்குறைய 1400க்குள் பெரும்பாலான ஆங்கிலேயக் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பெயர் அமைந்துவிட்டது. ஆகவே குடும்பப் பெயருக்குப் பொருள் தேடினால் அந்த இடைக்காலத்து ஆங்கிலத்தில் தேடுங்கள். இன்றைய ஆங்கிலம் உதவாது, பல சமயம் ஏமாற்றவும் செய்யும்.

ஒரு சிக்கல் உண்டு. குடும்பப் பெயர் முதற்பெயராக மாறுவது அங்கே சகஜம். நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் கேட்கிற ஷெர்லி என்ற பெண் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அது முதலில் ஊர்ப்பெயர், 'வெளிச்சமான காட்டு வெளி' என்று பொருள், பிறகு குடும்பப் பெயர். 1849இல் ஷார்லட் பிராண்டே எழுதிய நாவலில், ஆண் பிள்ளை பிறக்கும் என்று எதிர்பார்த்த பெற்றோர் பிறந்த மகளுக்கு அந்தக் குடும்பப் பெயரையே வைத்துவிடுகிறார்கள், அதற்குப் பிறகுதான் ஷெர்லி பெண் பெயராகப் பரவியது.

குடும்பப் பெயர் என்றால் நான்கு கூடைகள்

தொழில், ஊர் அல்லது இடம், தகப்பன் பெயர், பட்டப்பெயர். அநேகமாக எல்லா ஆங்கிலக் குடும்பப் பெயரும் இந்த நான்கில் ஒன்றில் விழும். எதில் விழுகிறது என்று முடிவுசெய்வதுதான் பாதி வேலை.

தொழிற்பெயர்கள் எனக்கு மிகவும் பிடித்தவை, கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன். ஸ்மித் உலோக வேலைக்காரர், டெய்லர் துணி வெட்டுபவர், இவை எல்லோருக்கும் தெரியும். கூப்பர் மரப்பீப்பாய் செய்பவர். ஃபிளெட்சர் அம்பு செய்பவர், அம்புக்கான பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சாண்ட்லர் மெழுகுவர்த்தி செய்து விற்பவர். தாட்சர் கூரை வேய்பவர். வெயின்ரைட் வண்டி செய்யும் தச்சர்.

இப்போது வாக்கர். 'நடப்பவர்' என்று எழுதிவிடத் தோன்றும், நிறைய பெயர்ப் பட்டியல்களில் அப்படியே இருக்கிறது. உண்மையில் நடந்ததென்ன? நெய்து முடித்த கம்பளித் துணியில் எண்ணெய்ப் பசை இருக்கும், இழைகள் தளர்வாக இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நீரும் களிமண்ணும் புளித்த சிறுநீரும் ஊற்றி, மணிக்கணக்கில் காலால் மிதித்தால் அழுக்குப் போய்த் துணி இறுகும். அப்படி மிதித்தவர்தான் வாக்கர். நம் வீடுகளில் முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி இருக்கிறதே, அதை ஆங்கிலத்தில் ஃபுல்லர்ஸ் எர்த் என்பார்கள். ஃபுல்லர் என்பதும் இதே தொழிலுக்கான பெயர்தான். இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஃபுல்லர் என்றார்கள், தென்மேற்கில் டக்கர் என்றார்கள், வடக்கே வாக்கர் என்றார்கள். ஒரே வேலை, வட்டாரத்துக்கு ஒரு சொல், அதனால் மூன்று குடும்பப் பெயர்கள். முன்னோர் எந்தப் பக்கத்தவர் என்பதற்கு இந்தப் பெயரே ஒரு தடயம். ஆறு நூற்றாண்டுக்கு முன் கால் கடுக்கத் துணி மிதித்த ஒருவரைப் பற்றி வேறு எந்த ஏட்டிலும் ஒரு வரிகூட இருக்காது. பெயரில் மட்டும் இருக்கிறார். இதற்காகத்தான் நான் இந்தத் தேடலை விடாமல் செய்கிறேன்.

'ஸ்டர்' என்று முடியும் பெயர்களையும் கவனியுங்கள். பழைய ஆங்கிலத்தில் அது பெண்பால் விகுதி. பாக்ஸ்டர் என்றால் ரொட்டி சுடுபவள், வெப்ஸ்டர் என்றால் நெய்பவள். பிற்பாடு ஆண்களுக்கும் சேர்த்து வழங்கிவிட்டது, ஆனாலும் அந்த விகுதியில் பெண்களின் உழைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பின்ஸ்டர் என்ற சொல்லும் அப்படித்தான், நூல் நூற்பவள் என்பது மெல்ல மெல்லத் திருமணமாகாதவள் என்று ஆனது.

அரண்மனை, பெரிய வீடு இவற்றில் பார்த்த வேலைகளும் பெயராகியிருக்கின்றன. ஸ்பென்சர் என்றால் பண்டகசாலையிலிருந்து சாமான் அளந்து கொடுப்பவர். சென்னை மவுண்ட் ரோட்டின் ஸ்பென்சர் பிளாசா பெயரைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கடைக்கு இதைவிடப் பொருத்தமாகப் பெயர் அமையுமா என்று தோன்றும். ஸ்டூவர்ட் வீட்டு நிர்வாகி. ஸ்காட்லாந்து அரசரின் வீட்டு நிர்வாகத்தைத் தலைமுறையாகப் பார்த்துவந்த குடும்பம் 1371இல் அரியணையே ஏறியது, பதவிப் பெயர் அரச வம்சத்தின் பெயரானது.

இடப்பெயர்களுக்கு ஒரு சின்னச் சாவிக்கொத்து போதும். 'டன்' என்று முடிந்தால் பண்ணை அல்லது ஊர். 'லி' என்றால் காட்டுக்குள் வெட்டவெளி. 'ஃபோர்ட்' என்றால் ஆற்றை நடந்தே கடக்கக்கூடிய ஆழமில்லாத இடம். எல்லாப் பெயருக்கும் இது அப்படியே பொருந்தாது (காட்டனில் இருக்கும் 'டன்' இந்த டன் அல்ல), அதனால் ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். வாஷிங்டனில் துணி துவைப்பதற்கும் எதற்கும் சம்பந்தமில்லை, வாஸ்ஸா என்ற ஒருவருடைய ஆட்களின் பண்ணை என்பதுதான் பொருள். கால்டுவெல் நமக்கு நன்றாகத் தெரிந்த பெயர், இடையன்குடியில் வாழ்ந்து திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர். 'கால்டு' என்பது குளிர்ச்சியைக் குறிக்கும் கோல்டு என்ற சொல்லின் பழைய வடக்கத்திய வடிவம், 'வெல்' என்பது ஊற்று. குளிர்ந்த ஊற்று. தேரிக்காட்டுப் பக்கம் வந்து வாழ்ந்தவருக்கு இப்படி ஒரு பெயர்.

தகப்பன் பெயரில் 'சன்' என்று முடிவதை எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்ணில் படாமல் நழுவுவது வேல்ஸ் நாட்டு வழக்கம். வெல்ஷ் மொழியில் 'அப்' என்றால் மகன். ரீஸ் என்பவரின் மகன் 'அப் ரீஸ்', அது தேய்ந்து பிரைஸ். விலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 'அப் ஹவல்' தேய்ந்து பவல், 'அப் ஹாரி' தேய்ந்து பாரி. ஆம், பாரிமுனையின் பாரிதான், 1788இல் மதராஸ் வந்த வெல்ஷ் வணிகர் தாமஸ் பாரி. அந்த ஊரைப் பற்றித் தெரியாதவர்கள் சிலர் பாரி வள்ளலோடு இணைத்துவிடுவார்கள், ஆங்கிலம் தெரிந்தவர்கள் வாள்வீச்சைத் தடுப்பதற்கான பாரி என்ற சொல்லோடு இணைப்பார்கள். இரண்டும் தவறு, ஹாரியின் மகன், அவ்வளவுதான்.

பட்டப்பெயர்க் கூடை சுவாரசியமானது, ஆனால் ஏமாற்றும். ரீட் என்ற பெயரை 'படி' என்று நினைக்காதீர்கள், அது பெரும்பாலும் செம்பட்டை முடிக்காரர், செம்முகக்காரர். சிவப்புக்கான பழைய சொல்லின் வடிவம் அது. கிராண்ட் என்பது மானியமல்ல, பிரெஞ்சில் பெரியவர், உயரமானவர். பிளேக் இன்னும் வினோதம்: கருப்புக்கும் வெளிறிய நிறத்துக்கும் பழைய ஆங்கிலத்தில் ஒலி ஒத்த இரண்டு சொற்கள் இருந்தன, குறிப்பிட்ட ஒரு பிளேக் எதிலிருந்து வந்தார் என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. திருக்குறளை மொழிபெயர்த்த ஜி.யு. போப்பின் முன்னோர் போப்பாண்டவர் அல்லர். பக்தியான, கண்டிப்பான தோற்றமுள்ளவருக்கோ, விழாவில் போப்பாண்டவர் வேஷம் கட்டியவருக்கோ ஊர்க்காரர்கள் வைத்த பெயர். கிங், பிஷப் எல்லாம் இதே வகை.

முதற்பெயருக்கு வேறு கேள்வி: யார், எப்போது, ஏன் வைத்தார்கள்?

முதற்பெயராக வழங்கும் ஆங்கிலச் சொற்களில் பெரிய கூட்டம் நற்பண்புப் பெயர்கள். கிரேஸ், ஹோப், ஃபெய்த், பேஷன்ஸ், புரூடென்ஸ். நம் ஊரில் கிருபை, அருள், ஜெயம் என்று வைப்பது போலத்தான், சில வீடுகளில் அக்கா கிரேஸ், தங்கை கிருபா என்றுகூட இருக்கும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ப்யூரிட்டன் கிறிஸ்தவர்கள் இதை வெகுதூரம் கொண்டுபோனார்கள். 1653இல் லண்டனில் கூடிய நாடாளுமன்றம் ஒன்றுக்கு அதன் உறுப்பினர் ஒருவரின் பெயரே பட்டப்பெயராக நிலைத்தது, அவருடைய முதற்பெயர் 'பிரெய்ஸ்காட்', அதாவது 'கர்த்தரைத் துதி'. அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் போதகர் ஒருவரின் பெயர் இன்க்ரீஸ் மேதர். 'அதிகரி' என்று யாராவது பெயர் வைப்பார்களா என்று தோன்றும். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு 'இன்னும் கூட்டித் தருவார்' என்று பொருள், அதை ஆங்கிலமாக்கி வைத்த பெயர் அது என்பார்கள். சரி, அவருடைய மகன் பெயர் என்ன தெரியுமா? காட்டன் மேதர். அம்மா வழித் தாத்தாவின் குடும்பப் பெயரை முதற்பெயராக வைத்தார்கள். தொடக்கத்தில் சொன்ன அதே குடிசைக் காட்டன்.

பூப் பெயர்கள் பார்வைக்கு எளிது. வயலட், ஐவி, ஹேசல் போன்றவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாகரிகமாகிப் பரவியவை, அவற்றுக்குப் பூவோ செடியோதான் பொருள். ஆனால் ரோஸ் அப்படி இல்லை. நார்மன்கள் கொண்டுவந்த ஒரு ஜெர்மானியப் பெயர் உண்டு, 'புகழ்' என்ற சொல்லும் 'தன்மை' என்ற சொல்லும் சேர்ந்தது, லத்தீன் ஏடுகளில் ரோஹேசியா என்று எழுதினார்கள். அது பேச்சில் ரோஸ் என்று குறுகி, பூவின் பெயரோடு கலந்துவிட்டது. ஆகவே 12ஆம் நூற்றாண்டு ரோஸ் வேறு, இன்றைக்குப் பிறந்த குழந்தைக்கு வைக்கும் ரோஸ் வேறு. 'ரோஸ் என்றால் என்ன' என்று கேட்காமல் 'இந்த ரோஸ் எப்போதைய ரோஸ்' என்று கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும்.

டெய்சி என்றால் 'பகலின் கண்'. காலையில் விரிந்து இரவில் மூடிக்கொள்ளும் பூவுக்கு ஆங்கிலேய நாட்டுப்புறத்தார் வைத்த அழகான பெயர், இரண்டு சொற்கள் சேர்ந்து தேய்ந்தது. பிரெஞ்சில் அந்தப் பூவுக்கு மார்கரீத் என்று பெயர், அதனால் மார்கரெட் என்ற பெண்களைச் செல்லமாக டெய்சி என்று கூப்பிட்டார்கள். மார்கரெட்டுக்கோ கிரேக்கத்தில் முத்து என்று பொருள். ஆக மார்கரெட்டும் பேர்லும் நம் முத்துவும் ஒரே பொருளுள்ள பெயர்கள்.

திசையைப் பாருங்கள்: சொல்லிலிருந்து பெயரா, பெயரிலிருந்து சொல்லா?

புதியவர்கள் அநேகமாக மறக்கும் படி இது. ராபின் என்ற பெயர் பறவையிலிருந்து வந்தது என்று நினைப்போம். நேர்மாறு. ராபர்ட்டின் செல்லப் பெயர் ராபின். செம்மார்பு என்று மட்டும் வழங்கிவந்த குருவிக்கு மனிதப் பெயரைச் சேர்த்து 'ராபின் செம்மார்பு' என்றார்கள், பிறகு பின்பாதி உதிர்ந்தது. பொம்மையைக் குறிக்கும் டால் என்ற சொல்லும் அப்படித்தான், அது டோரதியின் செல்லப் பெயர். ர ல ஆவது அங்கே வழக்கம், மேரி மோல் ஆவாள், ஹாரி ஹால் ஆவான், டோரதி டால் ஆனாள், அந்தப் பெண் பெயர் 1700 வாக்கில் பொம்மைக்கு வந்து சேர்ந்தது.

'கை' (guy) என்று இன்று ஆங்கிலத்தில் எந்த ஆளையும் சொல்கிறார்கள். 1605இல் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கப் போன சதியில் பிடிபட்டவர் கை ஃபாக்ஸ். ஒவ்வொரு நவம்பர் 5ஆம் தேதியும் அவர் உருவப் பொம்மையை எரித்தார்கள், அந்தப் பொம்மைக்குக் கை என்று பெயர் வந்தது, அப்புறம் கந்தலும் கோமாளித்தனமுமாக உடுத்தியவருக்கு, கடைசியில் எல்லோருக்கும்.

எப்படிச் சரிபார்ப்பது

வேலை செய்யும் முறை இதுதான். ஊகத்தை எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் நம்பாதீர்கள். சொல்லின் வரலாற்றுக்கு எடிம்ஆன்லைன் தளம் இலவசம், தொடக்கத்துக்கு அது போதும். குடும்பப் பெயர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு 2016இல் நான்கு தொகுதிகளாக ஓர் அகராதி வெளியிட்டது, 45,000க்கும் மேற்பட்ட பெயர்கள், பழைய ஏடுகளில் எங்கே, எந்த ஆண்டில் வந்தது என்று சான்றோடு தரும். பல்கலைக்கழக நூலகம் வழியாகப் பார்க்க முடிந்தால் விடாதீர்கள். ஒரு விளக்கத்தை நம்பலாமா என்பதற்கு என் ஒரே சோதனை: பெயரின் மிகப் பழைய வடிவம் என்ன, எந்த ஆண்டு ஏட்டில் இருக்கிறது என்று சொல்கிறதா? 1086இல் இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே ஏடு, 1538இல் தொடங்கிய தேவாலயப் பதிவேடுகள் இப்படி ஏதாவது ஓர் ஆதாரம். அது இல்லாமல் 'அழகான மலர்' என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போங்கள். எழுத்துக்கூட்டலையும் பெரிதாக நம்ப வேண்டாம், பல நூற்றாண்டுகள் அவரவர் காதில் விழுந்தபடி எழுதினார்கள்.

இரண்டு மூலம் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். டீன் என்பது பள்ளத்தாக்காகவும் இருக்கலாம், பத்துப் பேருக்குத் தலைவர் என்ற லத்தீன் பதவியாகவும் இருக்கலாம். ஒன்றைத் தேர்ந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தமிழோடு இணைக்கும் ஆசை பற்றி

இதைச் சொல்லாமல் விட மனமில்லை. காட்டேஜும் கொட்டகையும் ஒலி ஒத்திருக்கின்றன, உடனே தமிழிலிருந்துதான் போனது என்று எழுதிவிடுகிறோம். ஒலி ஒத்திருப்பது சான்றாகாது. எந்த மொழி வழியாக, எந்தக் காலத்தில் போனது என்று ஒவ்வொரு படியும் காட்ட முடிந்தால்தான் அது உறவு. அப்படிக் காட்டக்கூடியவை உண்மையிலேயே இருக்கின்றன, அதனால்தான் பொய்யான இணைப்புகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. செம்பட்டை முடிக்காரரையும் வர்ஜீனியா என்ற பெண்ணையும் ஜிஞ்சர் என்று கூப்பிடுவார்கள். முடிக்காரரின் ஜிஞ்சர் இஞ்சிதான். பாலியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', அப்புறம் லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று படிப்படியாகத் தடம் இருக்கிறது, அதன் அடியில் நிற்பது நம் இஞ்சியும் வேரும். எதிர்த் திசையிலும் உண்டு: ஃபிராங்க் என்ற பெயருக்கு மூலம் ஃபிராங்க் என்ற ஜெர்மானிய இனம். அரபியரும் பாரசீகரும் ஐரோப்பியர் எல்லோரையும் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள், அது நம்மிடம் பரங்கி என்று வந்து, பரங்கிமலையிலும் பரங்கிக்காயிலும் இருக்கிறது.

ஒரு பெயரை முழுதாகச் செய்து பார்ப்போம்

பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு அணை கட்டியவர், 1895இல் முடிந்தது. பெயரைப் பார்த்ததும் பென்னி என்ற காசும் குயிக் என்ற வேகமும் மனதில் வரும். ஊகத்தை எழுதிக்கொள்கிறோம், நம்பவில்லை. இது குடும்பப் பெயர். எந்தக் கூடை? தொழில் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. இடமா என்று வரைபடத்தில் தேடினால் ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே பெனிகுயிக் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஆங்கிலம் வருவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தில் பேசியது வெல்ஷுக்கு உறவான ஒரு பழைய மொழி, ஆகவே ஆங்கில அகராதியை மூடிவைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்புகிறோம். 'பென்' என்றால் தலை, குன்றின் உச்சி. 'கோக்' என்றால் குக்கூ என்று கூவும் பறவை, நம் குயிலுக்கு உறவு. குயில் குன்று. காசும் இல்லை, வேகமும் இல்லை. இன்றைக்குத் தேனி, கம்பம் பக்கத்தில் பிறந்த பையன்கள் சிலருக்கு அந்தக் குன்றின் பெயரை வைத்திருக்கிறார்கள்.